கொல்லை இல்லாத ஊரில் கூட்டுத் தோட்டம்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டி ஒரு காலிமனை கிடக்கிறது. உரிமையாளர் வெளியூர்க்காரர். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து அங்கே காய்கறி போடலாம் என்றிருக்கிறோம். போன வருடம் மொட்டை மாடியில் ஆளுக்கு நாலு பை வைத்தோம். சித்திரை வெயிலில் அத்தனையும் கருகிவிட்டன. இந்த முறை எதில் தொடங்குவது?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: விதை வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீருக்கு முறை போடுங்கள். கூட்டாக வைத்த தோட்டம் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் படுத்துவிடுகிறது. பாதி வீடுகள் ஊருக்குப் போயிருக்கும். திருச்சி வெயில் நூறு டிகிரியைத் தாண்டி நிற்கும். இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் கீரைப்பாத்தி போயிற்று.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் தொடங்கி நீளமாகப் போய்க் கொல்லையில் முடியும். கிணற்றடியில் துணி அலசிய தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாய்க்கால் வழியே வாழைக்கும் முருங்கைக்கும் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் ஊற்றவென்று தனியாக ஒருவரும் மெனக்கெடவில்லை. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் இரண்டும் ஒரு தொட்டிக்கு வந்து சேரும்படி முதலில் வழிசெய்யுங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு கூடுதல். அதைப் பாத்தியில் ஊற்றவே வேண்டாம். தொட்டியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசு குடியேறும்.

ஆடிப்பட்டத்தில் தொடங்குங்கள். சிறுகீரை நாலு வாரத்துக்குள் பறிப்புக்கு வரும், தண்டுக்கீரைக்கு இன்னும் ஓரிரு வாரம் ஆகும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். அவரையையும் புடலையையும் பந்தலில் ஏற்றிவிடலாம். தக்காளி ஆசையை முதல் வருடம் விட்டுவிடுங்கள். பங்குனி பிறந்ததும் பாத்திகளில் சருகைப் பரப்பி மூடி ஓய்வு கொடுங்கள். கோடையில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்தால் போதும். வாழையில் கற்பூரவல்லி வறட்சியைத் தாங்கும். 1993 முதல் வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் உங்கள் மாவட்டத்தில் இயங்குகிறது. நல்ல கன்றுக்கு அங்கே விசாரியுங்கள்.

மனையில் கட்டட இடிபாடு கிடந்தால் ஓரடி ஆழத்துக்கு அதைப் பொறுக்கி எடுத்தாக வேண்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணில் இலை வெளுத்துப்போகும். தொழு உரம் கிடைக்காவிட்டால், காய்கறிக் கழிவை மக்கவைக்கும் மாநகராட்சியின் நுண் உர மையத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கழிவிலிருந்து வந்த உரம்தானே, உரிமையோடு கேட்கலாம்.

இனி ஆட்கள் விஷயம். பன்னிரண்டு குடும்பமும் ஒரே கூட்டமாக இறங்கினால், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் திட்டத்தின் பெண்கள் நாலு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகச் சேர்ந்து, குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறார்கள். நீங்களும் மூன்று குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு நாலு பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் போகிறவர் தன் முறையை யாரிடம் ஒப்படைக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். குடியிருப்பின் காவலாளியோ துப்புரவுப் பணியாளரோ தண்ணீர் ஊற்றினால் அவருக்கும் ஒரு முழுப் பங்கு கொடுத்தாக வேண்டும். உழைப்பு அவருடையது, கீரை மட்டும் நமக்கு என்பது அநியாயம்.

உரிமையாளரிடம் ஒரு வருடத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கொட்டகை போட மாட்டோம், கேட்டதும் காலி செய்வோம் என்று அதில் இருந்தால் அவருக்கும் தயக்கம் இராது. ஆடிக்கு முன்பே அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.