வெளிநாட்டில் உறவினர் இறந்துவிட்டால்: உடலை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

வளைகுடாவில் வேலை பார்த்தவர் இறந்துட்டார்னு போன் வந்தால், முதலில் அவரது பாஸ்போர்ட் நகலைத் தேடி எடுங்க. அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்தாரின் சம்மதக் கடிதமும் தேவை. உடலை யாரிடம் ஒப்படைப்பது என்பது அதில் இருக்கணும்.

இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகிய நான்கும் முக்கியம். விபத்து என்றால் போலீஸ் அறிக்கையும் சேரும், நாள் கூடலாம்.

செலவை வேலை கொடுத்தவர் ஏற்கிறாரா என்று தூதரகம் மூலம் கேளுங்க. வழியில்லாத குடும்பங்கள் இந்திய சமுதாய நல நிதியில் உதவி கேட்கலாம். விமான நிலைய அனுமதிக்கு 2023 முதல் இ-கேர் இணையதளம் இருக்கு. அயலகத் தமிழர் நலத்துறையின் உதவி எண்: 1800 309 3793.

சம்மதக் கடிதம் உடலைக் கொண்டுவர மட்டும்தான். சம்பள பாக்கியை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தாலும் கையெழுத்து போடாதீங்க.