சிங்க்கில் அரைப்பதா, குப்பையில் போடுவதா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். சிங்க்கின் அடியில் மிச்சம் மீதியை அரைக்கும் மிஷின் இருக்கிறது. எல்லாவற்றையும் அதிலேயே தள்ளலாமா?

பதில்: வேண்டாம். தட்டில் ஒட்டிய நாலு பருக்கைக்குத்தான் அது. மிக்ஸி மாதிரி பிளேடு கிடையாது; சுழலும் தட்டு உணவை ஓரத்து வளையத்தில் மோதித் தேய்க்கிறது. முருங்கைச் சக்கையும் வாழைப்பூ நரம்பும் தேயாமல் சுற்றிக்கொள்ளும். மிஞ்சிய சோற்றைக் கொட்டினால் குழாய் வளைவில் பசையாக அடைக்கும். எண்ணெய் கூடவே கூடாது. ஓடும்போது குளிர்ந்த நீரைத் திறந்துவிடுங்கள்.

சாக்கடை தாங்காதென்று பயந்து நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இந்த மிஷினுக்குத் தடையே இருந்தது! அங்கே இப்போது உணவுக்கழிவைத் தனித் தொட்டியில் வாங்குகிறார்கள். மகள் ஊரிலும் அப்படியென்றால் காய்கறித் தோலெல்லாம் அதற்கே. செப்டிக் டேங்க் வீடா? மிஷினைத் தொடாமலிருப்பதே மாப்பிள்ளையின் பர்ஸுக்கு நல்லது.