உங்கள் சிறுநீர் மாதிரி ஆய்வுக்கூடத்தில் என்ன ஆகிறது?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி கழிவறைக்குச் செல்லும் அவசரம், அடிவயிற்றில் வலி. இவை சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று ஏற்பட்டிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் உங்களிடம் ஒரு சிறு பாட்டிலைக் கொடுத்து, சிறுநீர் மாதிரி கேட்கலாம். கிருமிப் பரிசோதனையின் முழு முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். ஏன் இவ்வளவு நாள்?

முதல் நாள்: கிருமியை வளர்த்தல்

ஆய்வுக்கூட ஊழியர் உங்கள் மாதிரியில் ஒரு துளியை ஊட்டச்சத்துள்ள தட்டில் தடவுவார். தட்டை உறைய வைப்பது, வீட்டில் இனிப்பு செய்யப் பயன்படுத்தும் அதே அகர் அகர்தான். ஏறக்குறைய நம் உடல் வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால், கிருமிகள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளரும்.

இரண்டாம் நாள்: கிருமியின் பெயரைக் கண்டறிதல்

பல கிருமிகள் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி, சிறு குச்சிகளைப் போலத் தெரியும். தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் அவை செய்யும் வேலை வெவ்வேறு. பாலில் உறை ஊற்றினால் தயிராகிறது. அதைச் செய்யும் பாக்டீரியாவை நாம் பார்ப்பதில்லை. பால் மாறியதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். உயிர்வேதியியல் சோதனையும் இப்படித்தான்.

• இந்தோல் சோதனை: புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற பொருளைக் கிருமிக்கு உணவாகக் கொடுப்பார்கள். ஈ.கோலி கிருமி அதைச் சிதைத்து இந்தோலை உண்டாக்கும். பிறகு சில துளி கோவாக்ஸ் திரவம் விட்டால், மேலே சிவப்பு வளையம் தோன்றும். கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிக்குப் பெரும்பாலும் சிவப்பு வராது.

• யூரியேஸ் சோதனை: புரோட்டியஸ் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். அப்போது மஞ்சள் நிற ஊடகம் இளஞ்சிவப்பாக மாறும். இக்கிருமி சிறுநீரகக் கல் உருவாகவும் காரணமாகலாம். அதனால்தான் பெயர் தெரிவது மருத்துவருக்கு முக்கியம்.

ஒரே சோதனையை வைத்து முடிவு செய்வதில்லை. பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இன்று பல ஆய்வுக்கூடங்களில் இவ்வேலையை இயந்திரங்கள் செய்கின்றன.

அடுத்தது: எந்த மருந்து வேலை செய்யும்?

கிருமி வளரும் தட்டில் மருந்து தோய்த்த சிறு வில்லைகளை வைப்பது ஒரு முறை. வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் போதிய அளவில் இருந்தால், அந்த மருந்து பயன் தரும். வட்டம் இல்லையென்றால், கிருமி அதை எதிர்க்கிறது. முடிவைப் பார்த்து மருத்துவர் உங்கள் மருந்தை மாற்றச் சொல்லலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மாதிரி கொடுக்கும் முன் பழைய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சாப்பிடாதீர்கள். கிருமி தட்டில் வளராமல் போகலாம், முடிவு தவறாகிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். பாட்டிலின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தொடாதீர்கள்.
• மாதிரியை உடனே தாதியிடம் கொடுங்கள். வெளியில் அதிக நேரம் இருந்தால் கிருமிகள் பாட்டிலிலேயே பெருகிவிடும்.
• மருத்துவர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன நாள்கள்வரை சாப்பிடுங்கள். மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

வயதானவர்கள் சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படாது. மருத்துவர் மருந்து தரவில்லையென்றால், காரணத்தைக் கேளுங்கள். மருந்து வேண்டுமென வற்புறுத்தாதீர்கள்.

முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்கத்திலோ முதுகிலோ வலி, வாந்தி ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் குழப்பம், மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் 995 எண்ணை அழையுங்கள்.