ஓய்வுக் காலமும் தேனீப் பெட்டியும்

தறியிலும் ஏரிலும் நாற்பது ஆண்டுகள் பழகிய கைகள் திடீரென ஓய்ந்துவிடுமாயின், உடலினும் உள்ளமே முதலில் தளர்கிறது. திண்ணையில் அமர்ந்து நாளைக் கழிப்பதினும், முதுமைக்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்வது நன்று. அங்கத்தினர்க்குத் தேனீ வளர்ப்பு மிகவும் பொருந்தும்.

இஃது நமக்குப் புதிதன்று. இன்று குமரி மாவட்டத்திலுள்ள மார்த்தாண்டத்தில் 1924-இல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் இதனைக் குடிசைத் தொழிலாகக் கற்பித்தது. பின்னர்த் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் அங்கே எழுந்தது.

தொடங்குவோர் கருத்திற் கொள்ள வேண்டியவை:

1. இரண்டு பெட்டிகள் போதும். ஒன்று நலிந்தால் மற்றொன்றின் புழு அடையைக் கொடுத்துத் தேற்றலாம். தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

2. வாரம் ஒரு முறை மெல்லத் திறந்து பார்க்க. அறைகளில் புது முட்டைகள் இருப்பின் ராணி நலமெனக் கொள்க.

3. பூ இல்லாக் காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்க. பசித்த கூட்டம் பெட்டியைத் துறந்து சென்றுவிடும்.

4. பூத்த பயிருக்குப் பகலில் மருந்து தெளித்தல் தேனீயைக் கொல்லும். அண்டை வயலாரிடம் முன்னரே பேசி வைக்க.

5. தேனீ கொட்டினால் மூச்சுத் திணறும் உடல்வாகினர் இதனை விலக்குக.

1991-இல் தென்னகத்தில் பரவிய நச்சுயிரி நோய் எண்ணற்ற கூட்டங்களை அழித்தது. ஆதலின் வருவாயை மட்டும் நம்பி இறங்கற்க. கிடைக்கும் தேன் பேரப்பிள்ளைகளுக்கு ஆகட்டும். முருங்கை எப்போது பூக்கும், புளி எப்போது பூக்கும் என நாளும் நோக்கும் ஆர்வமே முதியவர்க்கு ஊதியம்.