ஒரு படமும் பல கண்களும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. அடுப்படியில் அது முற்றிலும் உண்மை. ஆனால் ஒரு கதையையோ திரைப்படத்தையோ அவ்விதம் ஒரே ஒரு காட்சியைக் கொண்டு மதிப்பிடலாமா? சித்திரக்கதையாகப் பிறந்து திரைப்படமாக வளர்ந்த "பெர்சிபோலிஸ்" என்னும் படைப்பையும், அதைப்பற்றிப் பல நாட்டுப் பார்வையாளர்கள் கொண்ட கருத்துக்களையும் ஆராய்ந்து இக்கேள்விக்கு விடை காண்போம்.

பெர்சிபோலிஸ் என்பது பண்டைய பாரசீகப் பேரரசின் தலைநகர்களுள் ஒன்று. ஈரான் நாட்டில் ஷிராஸ் நகருக்கு அருகே அதன் உயர்ந்த கல்தூண்களை இன்றும் காணலாம். இப்பெயரைத் தம் நூலுக்குச் சூட்டியவர் மர்ஜான் சத்ரபி என்னும் பெண்மணி. இவர் 1969-ஆம் ஆண்டு ஈரானில் பிறந்தார். 1979-இல் அங்கு புரட்சி மூண்டு மன்னராட்சி வீழ்ந்தது. அடுத்த ஆண்டு பள்ளிச் சிறுமியரும் தலையை மூடும் துணி அணிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஈராக்குடன் தொடங்கிய போர் 1988 வரை நீடித்தது. மகளின் பாதுகாப்பை எண்ணிய பெற்றோர், அவரைப் பதினான்கு வயதில் ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்குத் தனியே அனுப்பினர். பத்தாம் வகுப்பில் பயிலும் நம்மைவிட ஓராண்டு இளைய ஒரு பெண், தாய்தந்தையைப் பிரிந்து மொழி தெரியாத நாட்டில் வாழ நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்! அந்நினைவுகளையே அவர் பின்னாளில் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாக வரைந்து, 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு பாகங்களாக வெளியிட்டார்.

இந்நூலை அவரும் வின்சென்ட் பரோனோ என்பவரும் சேர்ந்து 2007-ஆம் ஆண்டு திரைப்படமாக்கினர். நடிகர்களை வைத்து எடுக்காமல், கையால் வரைந்த சித்திரங்களையே அசையச் செய்தனர். பாரிஸ் விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் இன்றைய மர்ஜான் வண்ணத்தில் தோன்றுகிறார். அவருடைய கடந்த காலம் கறுப்பு வெள்ளையில் விரிகிறது.

சித்திரக்கதை வேறு, திரைப்படம் வேறு என்பதை இங்கு நாம் உணர வேண்டும். சித்திரக்கதையில் காலம் வாசகரின் கையில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் மனம் நின்றுவிட்டால் பக்கத்தைத் திருப்பாமல் எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். திரைப்படத்தில் காலம் இயக்குநரின் கையில் இருக்கிறது. ஆனால் இசையும், குரலும், மௌனமும் அங்கு துணைக்கு வருகின்றன. நான்கு பாகங்களில் உள்ளதை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடக்கும்போது பல நிகழ்ச்சிகள் சுருங்குவது இயல்பே. ஆகவே, நூலை முன்பே வாசித்தவர் "இது விட்டுப்போயிற்றே" என்று ஏங்குவதும், படத்தை மட்டும் பார்த்தவர் மனம் நிறைந்து எழுவதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். இருவரும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை என்பதே காரணம்.

இனி, உலகம் இப்படத்தை எவ்வாறு வரவேற்றது என்று பார்ப்போம். 2007-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் இது நடுவர் பரிசை வேறொரு படத்துடன் பகிர்ந்து பெற்றது. ஆஸ்கார் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஈரானிய அரசைச் சார்ந்த ஃபராபி என்னும் திரைப்பட நிறுவனம், புரட்சியின் பயன்களை இப்படம் உண்மைக்கு மாறாகக் காட்டுகிறது என்று பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதிக் கண்டித்தது. பாங்காக் திரைப்பட விழாவில் இப்படம் அவ்வாண்டு விலக்கப்பட்டது. லெபனானில் 2008-இல் தடை செய்து, பின்னர் தடையை நீக்கினர். அவ்வாண்டே ஈரானின் தலைநகர் தெஹ்ரானில் சில காட்சிகளை வெட்டிவிட்டுச் சிறு கூட்டத்துக்குத் திரையிட்டனர்.

துனிசியா நாட்டில் நடந்தது இன்னும் கடுமையானது. 2011 அக்டோபரில் நெஸ்மா என்னும் தனியார் தொலைக்காட்சி, உள்ளூர்ப் பேச்சு வழக்கில் குரல் கொடுத்து இப்படத்தை ஒளிபரப்பியது. சிறுமி மர்ஜான் இரவில் இறைவனோடு உரையாடுவதாகக் கற்பனை செய்யும் காட்சியில், இறைவன் வெண்தாடி முதியவராக வரையப்பட்டுள்ளார். இறைவனுக்கு உருவம் கொடுத்தல் ஆகாது என்பது இஸ்லாமியரின் நம்பிக்கை. ஆதலால் பலர் மனம் புண்பட்டனர். சிலர் எல்லை மீறித் தொலைக்காட்சி நிலையத்தையும் அதன் உரிமையாளர் வீட்டையும் தாக்கினர். 2012 மே மாதத்தில் நீதிமன்றம் உரிமையாளருக்கு 2,400 தினார் அபராதம் விதித்தது. புண்பட்டவரின் வருத்தம் உண்மையானது. அதை எள்ளி நகையாடலாகாது. ஆயினும் வருத்தத்தைச் சொல்லால் தெரிவிப்பது கருத்து. கல்லால் தெரிவிப்பது வன்முறை.

"இவையெல்லாம் எங்கோ நடந்தவை, நமக்கென்ன?" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஏனெனில் இக்கதையில் நம்மைச் சுடும் இடமும் ஒன்று உண்டு. வியன்னாவில் மர்ஜான் தங்குவது கன்னியர் நடத்தும் ஒரு விடுதியில். அங்கு அவர் சமைத்த உணவைப் பாத்திரத்தோடு எடுத்துவந்து தொலைக்காட்சி முன் அமர்ந்து உண்கிறார். ஒரு கன்னிகை, ஈரானியர்களே பண்பு அறியாதவர்கள் என்னும் பொருள்படப் பேசுகிறார். சினங்கொண்ட மர்ஜான், கன்னியரைப்பற்றி வாயால் சொல்லத் தகாத ஒரு சொல்லைத் திருப்பிக் கூறிவிடுகிறார். அவரது விடுதி வாழ்வு அத்தோடு முடிகிறது.

அருட்சகோதரியரின் அன்பில் வளரும் நமக்கு இக்காட்சி வருத்தம் தருவது இயற்கையே. அச்சொல் தவறானது, அநியாயமானது என்று நாம் தயங்காமல் கூறலாம். அதே மூச்சில், ஒரு பிள்ளையின் பிழைக்காக ஒரு நாட்டையே இகழ்ந்ததும் தவறுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு காட்சியோடு படத்தை மூடிவைத்தால் நாம் எதை இழப்போம்?

பின்னர் வரும் ஒரு நிகழ்ச்சியை இழப்போம். ஈரானுக்குத் திரும்பிய மர்ஜான், ஒருநாள் உதட்டுச் சாயம் பூசித் தெருவில் நிற்கும்போது காவலர் வருகின்றனர். தம்மைக் காத்துக்கொள்வதற்காக, ஒரு குற்றமும் செய்யாத ஒருவர் தம்மிடம் முறைகேடாகப் பேசினார் என்று பொய் சொல்கிறார். அம்மனிதரைக் காவலர் பிடித்துச் செல்கின்றனர். இதைச் சிரித்தபடி பாட்டியிடம் சொல்ல, அதுவரை அன்பே உருவாயிருந்த பாட்டி வெகுண்டு கண்டிக்கிறார். பிறர்மேல் பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் எட்டாம் கட்டளையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். வேற்று நாட்டு முஸ்லிம் குடும்பத்துப் பாட்டி ஒருவர் அதே பாடத்தைத் தம் பேத்திக்குப் புகட்டுகிறார்! தம் பிழையைத் தாமே வரைந்து உலகறியக் காட்டிய ஆசிரியரின் நேர்மை அப்போதுதான் நமக்குப் புலனாகிறது. கன்னியரிடம் அவர் பேசிய சொல்லையும், பெருமைக்காக அல்லாமல், நடந்ததை ஒளிக்காமல் காட்டவே வரைந்தார் என்று எண்ண இடம் உண்டாகிறது.

ஆகவே தோழியரே, ஒரு படத்தைப்பற்றிக் கருத்துக் கூறுமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். முதலாவது, முழுவதும் பார்த்தேனா, அல்லது பிறர் சொல்லக் கேட்டேனா? இரண்டாவது, நூலைப் போலவே இல்லை என்று குறை கூறுகிறேனா, அல்லது படத்தைப் படமாகவே எடைபோடுகிறேனா? மூன்றாவது, பிறரை இடித்துரைக்கும் காட்சியில் கைதட்டிவிட்டு, என்னை இடித்துரைக்கும் காட்சியில் மட்டும் முகம் சுளிக்கிறேனா? இம்மூன்றனுள் கடைசிக் கேள்வியே கடினமானது. அதற்கு நேர்மையாக விடை கூறுபவரின் கருத்துக்கே மதிப்பு உண்டு.

இப்படத்தில் போரும், சிறையும், மரணமும் வருகின்றன. ஆதலால் கீழ்வகுப்புச் சிறுமியருக்கு இது ஏற்றதன்று. பெரிய வகுப்பு மாணவியர் பெற்றோருடன் அமர்ந்து பார்த்து, முடிந்தபின் அவர்களோடு கலந்து பேசினால் நன்மை பயக்கும். பெற்றோரும் படம் முடியும்வரை பொறுத்திருந்து, பின்னர் தீர்ப்புக் கூறுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும். ஒரு மனித வாழ்வை அறிய முழுக்கதையும் வேண்டும்.