புது ஊரில் முதல் ஆண்டு

வரலாற்றுப் பாடம்: ஸித்தீக் (ரலி) குடும்பத்தார் மதீனாவில் குடியேறிய வரலாறு



ஹிஜ்ரத்தைப் பற்றிப் பேசாத மீலாது மேடை இல்லை. தௌர் குகையில் கழிந்த மூன்று இரவுகளையும், துரத்தி வந்த சுராக்காவின் குதிரை மணலில் புதைந்ததையும், குபாவில் கிடைத்த வரவேற்பையும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் அப்பயணம் சில நாட்களில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த ஓராண்டில், போய்ச் சேர்ந்தவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன தொழில் செய்தார்கள், நோயில் விழுந்தபோது என்ன ஆனார்கள், அடுப்படியில் யார் கைகொடுத்தார்கள் என்பவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நமக்கோ, அந்த ஓராண்டில்தான் பாடம் மிகுதி.

ஆகவே இப்பாடத்தில் ஹஸரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் குடும்பம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் புது ஊரில் வேரூன்றிய விதத்தைக் காண்போம்.

1. மாடத்தில் வைத்த கற்கள்

கி.பி. 622-ஆம் ஆண்டு. அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்காவில் பேர்பெற்ற துணி வணிகர். இஸ்லாத்தைத் தழுவிய நாளில் அவர்களிடம் 40,000 திர்ஹம் இருந்ததென்றும், அடிமைகளை விலை கொடுத்து விடுவித்தது முதலிய அறங்களில் அது கரைந்து, ஹிஜ்ரத்தின்போது 5,000 அளவே எஞ்சியதென்றும் வரலாற்று நூல்கள் கூறும். எஞ்சியதையும் கையோடு எடுத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் புறப்பட்டுவிட்டார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் மனைவி உம்மு ரூமான், பெண்மக்கள் அஸ்மா, ஆயிஷா, மகன் அப்துல்லாஹ் ஆகியோர். தந்தை அபூ குஹாஃபா பார்வையிழந்த முதியவர். அப்போது இஸ்லாத்தில் சேராதவர். தன் மகன் தானும் போய்ப் பணத்தையும் கொண்டு போய்விட்டானே, பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அம்முதியவர் மனம் வெதும்பி வந்தார். அஸ்மா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? வழக்கமாகப் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கினார்கள். மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். முதியவர் மனம் ஆறித் திரும்பினார். தந்தையார் ஒன்றும் வைத்துப் போகவில்லை என்றும், பெரியவர் நிம்மதியடைய வேண்டும் என்றே அப்படிச் செய்ததாகவும் அஸ்மா (ரலி) அவர்களே பின்னாளில் கூறினார்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்களின் நினைவு வருகிறதல்லவா? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோர்களின் வீடுகளிலும் எத்தனை மாடங்களில் கற்கள் இருந்திருக்கும்! ‘இங்கு யாவரும் நலம்’ என்று ஊரிலிருந்து வந்த கடிதங்களில் பசியை மறைத்து எழுதியவை எத்தனையோ! போகிறவர் கப்பலேறிய அன்றே, வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த முதல் ஆண்டு தொடங்கிவிடுகிறது.

2. வந்தவர்களும் வராதவர்களும்

மதீனாவில் ஓரளவு நிலைகொண்ட பின், குடும்பத்தாரை அழைத்து வர நாயகம் (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரலி), அபூ ராஃபிஉ (ரலி) ஆகிய இருவரை ஒட்டகங்களும் பணமும் கொடுத்து மக்காவுக்கு அனுப்பினார்கள். அவ்வேளையில் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வும் தம் குடும்பப் பெண்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இன்றைய பாதையில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தூரம். அஸ்மா (ரலி) அவர்கள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. குபாவை அடைந்ததும் அங்கேயே ஓர் ஆண்மகவை ஈன்றார்கள். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதற்குழந்தை, அப்துல்லாஹ் பின் ஸுபைர், அவரே. நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவித் துஆச் செய்தார்கள்.

வந்தவர்களுக்கு இவ்வூரில் பிள்ளை பிறக்காது என்று அதற்கு முன் ஒரு வதந்தி உலவியிருந்தது. ஆகவே அந்தப் பிறப்பு ஒரு வீட்டின் மகிழ்ச்சியாக மட்டும் நிற்காமல் முஹாஜிர்கள் அனைவரின் மகிழ்ச்சியாகவும் ஆயிற்று. புது மண்ணில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அந்த மண் நமக்கும் சொந்தம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது.

ஆனால் எல்லோரும் வந்துவிடவில்லை. பாட்டனார் அபூ குஹாஃபா மக்காவிலேயே இருந்தார். 630-இல் மக்கா வெற்றியின்போதுதான் அவரை அபூபக்கர் (ரலி) அவர்கள் நாயகத்தின் முன் அழைத்து வந்தார்கள். மூத்த மகன் அப்துர் ரஹ்மானும் வரவில்லை. 624-இல் பத்ருப் போரில் அவர் எதிரணியில் நின்றார். அஸ்மாவின் தாயார் குதைலா, முன்பே மணவிலக்குப் பெற்றவர், தம் பழைய மார்க்கத்திலேயே இருந்தார். பின்னர் குறைஷியரோடு சமாதானம் நிலவிய காலத்தில் அவர் மகளைப் பார்க்க மதீனாவுக்கு வந்தபோது, அவரை ஏற்று உறவு பாராட்டலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புது ஊரில் வேர்விடுவதற்காகப் பழைய ஊரின் உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

3. காய்ச்சல்

மக்கா வறண்ட பள்ளத்தாக்கு. மதீனாவோ பேரீச்சந்தோப்புகளும் நீரோடைகளும் உள்ள ஊர். அங்குள்ள புத்ஹான் பள்ளத்தாக்கில் கெட்ட நீர் ஓடியதென்றும், தாங்கள் வந்தபோது அவ்வூர் நோய் மிகுந்த ஊராயிருந்ததென்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வந்தவர்கள் பலர் காய்ச்சலில் விழுந்தனர்.

அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் படுத்துவிட்டனர். மகளார் ஆயிஷா (ரலி) போய்ப் பார்த்து நலம் விசாரித்தார்கள். தந்தையோ மரணம் மிக அருகில் இருப்பதாகப் பாட்டாகச் சொன்னார்கள். பிலால் (ரலி) அவர்களோ காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் குரலெடுத்து, மக்காவின் புல்லையும் சுனையையும் மலைகளையும் இனி ஒருநாள் காண்போமா என்று ஏங்கிப் பாடினார்கள். எந்த மக்காவில் சுடுமணலில் கிடத்திச் சித்திரவதை செய்யப்பட்டார்களோ, அந்த மக்காவின் புல்லுக்காக அவர்கள் ஏங்கினார்கள்! ஊர்ப்பாசம் என்பது இதுதான். இதை ஈமானின் குறைவென்று ஒருவரும் இகழவில்லை.

பிறகு ஆயிஷா (ரலி) அவர்களே காய்ச்சலில் விழுந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து, மகளின் கன்னத்தில் முத்தமிட்டு, எப்படி இருக்கிறாய் மகளே என்று பரிவோடு வினவியதை உடனிருந்து கண்ட தோழர் ஒருவர் அறிவித்துள்ளார். அந்நோயில் அவர்களின் தலைமுடி உதிர்ந்து, பின்னர் வளர்ந்தது.

இவர்களின் நிலையை அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் செய்த துஆவைக் கவனியுங்கள். மக்காவைப் போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக என்றும், அதை நோயற்ற ஊராக்குவாயாக என்றும், அதன் மரக்காலிலும் படியிலும் பரக்கத்தைத் தருவாயாக என்றும் வேண்டினார்கள். ஊரின்மேல் பிரியம், உடல் நலம், அளந்து வாங்கும் உணவில் நிறைவு: புது ஊருக்கு வந்த எந்தக் குடும்பத்துக்கும் முதல் ஆண்டில் தேவையானவை இம்மூன்றுமே.

4. அடுத்த வீட்டு ரொட்டி

அஸ்மா (ரலி) அவர்கள் பெருவணிகரின் மகள். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களுக்கோ ஒரு குதிரையும் நீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்தில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், நீர் இறைப்பதும், கிழிந்த தோல்வாளியைத் தைப்பதும், மாவு பிசைவதும் அஸ்மாவின் வேலையாயின. ஆனால் அவர்களுக்கு ரொட்டி சரியாகச் சுடத் தெரியாது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுத்தார்கள். இதை அஸ்மா (ரலி) அவர்களே பின்னாளில் கூச்சமின்றிச் சொல்லி, அப்பெண்கள் உண்மையான உள்ளம் படைத்தவர்கள் என்று புகழ்ந்துள்ளார்கள்.

அன்ஸாரிகளின் ஈகையைப் பற்றிப் பேசும்போது தோப்பையும் வீட்டையும் பாதி கொடுக்க முன்வந்த ஆண்களையே நாம் எடுத்துக் காட்டுகிறோம். பிசைந்த மாவை வாங்கிப் போய் ரொட்டியாகத் திருப்பிக் கொடுத்த பெண்களின் ஈகை அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. புது ஊரில் ஒரு வீடு நிலைப்பதற்கு ஆண்மகனின் வருமானம் மட்டும் போதாது. அடுப்படிக்கு ஒரு துணை வேண்டும்.

5. உதவியும் மானமும்

தங்கள் பேரீச்சந்தோப்புகளை வந்தவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்படி அன்ஸாரிகள் வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதிக்கவில்லை. தோப்பின் உழைப்பில் முஹாஜிர்களும் சேர்ந்துகொள்வது, விளைச்சலில் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. பள்ளிவாசல் எழுந்த மனை அநாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமானது. இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்காமல் கிரயத்துக்கே வாங்கினார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தமக்கு அன்ஸாரிச் சகோதரர் கொடுக்க முன்வந்த செல்வத்துக்குத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். அன்றே பாற்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேற்பகுதியான ஸுன்ஹில் ஹாரித் குலத்தார் நடுவே தங்கி, தம் துணி வணிகத்தையே மீண்டும் நடத்தினார்கள். அவர்களுக்குச் சகோதரராக இணைக்கப்பட்ட காரிஜா பின் ஸைத் (ரலி) அவர்களின் மகளைப் பின்னர் மணந்தார்கள். 632-இல் கலீஃபாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளும் துணிகளைத் தோளில் சுமந்து கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள் என்றால், அத்தொழில் எவ்வளவு ஊன்றியிருந்தது பாருங்கள்!

628-இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களுக்கு வசதி வந்தது. அப்போது, தங்கள் பயனுக்கென அன்ஸாரிகள் கொடுத்திருந்த பேரீச்ச மரங்களை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் சொல்லிக் காட்டவில்லை, பெற்றவர் மறந்துவிடவில்லை.

6. இன்று நம் பங்கு எது?

நிற்க. இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, நம்மை முஹாஜிர்களாக எண்ணிக் கண் கலங்குவது எளிது. நம் முன்னோர் அப்படித்தான் வந்தார்கள். பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளியையும், சிங்கப்பூரில் 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளியையும் நிறுவினார்கள். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு, கடைக்குள்ளேயே படுத்து, அஞ்சடியில் வியாபாரம் செய்தார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தார் பலர் குடும்பத்தோடு குடியேறினார்கள். ஆனால் நாம் இங்கே பிறந்தவர்கள். இவ்வூரின் தெருவும் மொழியும் தெரிந்தவர்கள். இன்று நமக்குரிய இடம் அன்ஸாரிகளின் இடம்.

அவ்விடத்தை நாம் சரியாக நிரப்புகிறோமா? ஊரிலிருந்து புதிதாக வரும் ஆண்மகனுக்குப் பள்ளியில் ஸலாம் கிடைக்கிறது. வேலைக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கிறது. அவரை மணந்து வரும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? பத்தாவது மாடியில் பூட்டிய கதவுக்குள், கணவர் வேலைக்குப் போன பின், கைப்பேசியில் உம்மாவோடு பேசி அழுதுவிட்டு, ‘நன்றாக இருக்கிறேன்’ என்று முடிக்கிறாள். அதுவும் மாடத்தில் வைத்த கல்லே. நாமோ சந்தாவுக்கு அக்கதவைத் தட்டுகிறோம். சாலனம் கொண்டு தட்டுவதில்லை.

புதிதாக ஒரு குடும்பம் வந்தால், முதல் வாரத்திலேயே நம் வீட்டுப் பெண்கள் போய்ப் பார்க்கட்டும். பாசாருக்கும் மருத்துவ நிலையத்துக்கும் ஒருமுறை கூடப் போய் வழிகாட்டட்டும். வந்தவர் தொழில் தெரிந்தவராயின் கையில் காசைத் திணிக்காமல் கடைத்தெருவைக் காட்டுவோம். ஊர் ஏக்கத்தில் வாடுகிறவரைக் கண்டால் நன்றி கெட்டவர் என்று ஏசாமல், பிலால் (ரலி) அவர்களின் ஏக்கத்தை நினைத்துக்கொள்வோம்.

கலந்துரையாட

1. நம் வட்டாரத்தில் இவ்வாண்டு புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் எவை? அவர்களின் வீட்டுப் பெண்களின் பெயரேனும் நமக்குத் தெரியுமா?
2. தோப்பைப் பங்கிடுவதைவிட, உழைப்பிலும் விளைச்சலிலும் பங்கு என்ற ஏற்பாடு ஏன் சிறந்தது?
3. நம் பெற்றோர் இங்கு வந்த முதல் ஆண்டில் அவர்களுக்கு ‘ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்’ யார்? நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறோமா?

மதீனாவைப் பிரியமான ஊராக்கிய அல்லாஹுத் தஆலா, நம்மை நாடி வருவோருக்கு இவ்வூரையும் பிரியமானதாக ஆக்கி, அதற்கு நம் கைகளையும் ஒரு காரணமாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.