அமைதி எங்கே?

மன அமைதிக்கு ஆரவாரமற்ற இடம் வேண்டும் என்று நினைக்கிறோம். சிறுமலர் புனித தெரேசம்மாள் காட்டும் வழி வேறு.

பிரான்சு நாட்டின் லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் 1888-ஆம் ஆண்டு, தம் 15-ஆம் வயதில் அவர் சேர்ந்தார். அங்கே மாலைத் தியான நேரத்தில், பின்னாலிருந்த ஒரு சகோதரி ஓயாமல் சிறு ஓசை எழுப்புவார். திரும்பிப் பார்த்தால் அவர் மனம் வருந்துமே என்று தெரேசம்மாள் பொறுத்திருந்தார். பின் அவ்வோசையையே இன்னிசையாகக் கேட்டு, இயேசுவுக்குச் செபமாக ஒப்புக்கொடுத்தார்.

நாம் படிக்கையில் தம்பி அழுகிறான். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி அலறுகிறது. எரிச்சல்பட்டால் படிப்பும் போகும், அன்பும் போகும். "இயேசுவே, இதுவும் உமக்காக" என்று ஒரு நொடி மனத்துள் சொல்வோம். ஓசை நிற்காது, உள்ளக் கொதிப்பு அடங்கும்.

சிறு தொல்லையையும் அன்போடு ஏற்பதே அவர் கண்ட 'சிறிய வழி'. அவ்வழியில் நாமும் நடப்போமாக!